கோகிலா அனுப்பிய கப்சூல்கள்

சமையலறை அலுமாரியின் மேல்தட்டில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தகரப் பிஸ்கட் பேணி இருந்தது. அதற்குள் பிஸ்கட் இருந்த காலத்தை அந்த வீட்டில் யாரும் கண்டதில்லை. அதில் மருந்துதான் இருந்தது. பாதி சிவப்பும் பாதி கறுப்புமான அம்பிசிலின் என்ற கிருமிகொல்லிக் கப்சூல்கள், ஓரம் உடைந்த சில வெள்ளைக் குளிசைகள், பெயர் அழிந்த ஒரு களிம்புக் குழாய். கொழும்பிலிருந்து டென்மார்க்கின் எஸ்பியர்க் நகருக்கு யார் வந்தாலும் அந்தப் பேணிக்குள் ஏதாவது விழும்.

டென்மார்க்கில் இந்தக் கப்சூலைக் கடையில் வாங்க முடியாது. டொக்டர் எழுதித் தர வேண்டும். டொக்டர் லேசில் எழுத மாட்டார்.

"நான் போய்த் தொண்டை நோகுது எண்டன். வாயைத் திறந்து பாத்துப்போட்டு, தண்ணி குடி, நித்திரை கொள் எண்டு அனுப்பிப்போட்டார்" என்பார் பேதுரு. "இதைத்தானே எங்கட அம்மாவும் சொல்லுவா. அவ பள்ளிக்கூட வாசலும் மிதிக்காதவ."

அந்தத் தொடர்மாடி வீட்டில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். மூவருக்கும் மீன் பக்டரியில் வேலை. மட்டக்களப்புக்காரரான பேதுரு மூத்தவர், சமையல் அவருடைய பொறுப்பு. வீட்டில் தவம் என்று கூப்பிடப்பட்ட யாழ்ப்பாணத்துத் தவராஜாவிடம் இரண்டு கசெற் போடக்கூடிய பெரிய றேடியோ இருந்தது. ஒரு பக்கம் பாட்டை ஓடவிட்டால் மறுபக்கம் வெறும் கசெற்றில் அது பதிவாகும். எஸ்பியர்க்கில் தமிழர் வீடுகளில் ஒலித்த பாட்டெல்லாம் தவராஜாவின் கையால் பிரதியானவைதான். மூன்றாமவன் கோணேசன். திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன். மற்ற இருவரும் அவனை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

பேணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. காய்ச்சல் வந்தவன் இரண்டோ மூன்றோ கப்சூல் எடுப்பான். உடம்பு லேசானதும் மிச்சத்தைத் திரும்பப் போட்டுவிடுவான். அடுத்தவனுக்கு வேண்டுமல்லவா. ஒரு மட்டையை ஒருவனே முழுதாக விழுங்கி முடிப்பது பேராசைபோலப் பார்க்கப்பட்டது. பேதுரு ஒருமுறை பல் வலிக்கு நாலு கப்சூல் எடுத்துவிட்டு, அதற்காக ஒரு கிழமை எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

பேணியில் பாதிக்கு மேல் கோகிலா அனுப்பியவை. கோணேசனின் மனைவி கோகிலா திருகோணமலையில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். கலியாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் அவன் நாட்டைவிட்டு வெளிக்கிட வேண்டியதாகிவிட்டது. அவளைக் கூப்பிடுவதற்கு அவன் போட்ட குடும்ப விண்ணப்பத்துக்கு, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் கசெற்றில் பேசி அனுப்புவாள். கசெற்றோடு எப்போதும் ஒரு மட்டைக் கப்சூல் வரும். "குளிர் நாடு. தொண்டையைப் பாருங்கோ. அங்க ஆர் இருக்கினம் உங்களைப் பாக்க" என்று அந்தக் கசெற் முடியும்.

1988 மாசி மாதத்தில் பேதுருவின் உறவுக்காரன் ஒருவன், சூசைதாசன், கொழும்பிலிருந்து கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்தான். வரும்போதே வயிறு சரியில்லை. பேணியிலிருந்து கப்சூல் கொடுத்தார்கள். கொஞ்சம் சுகமானது போலிருந்தது. அகதி முகாமுக்குப் போகும்வரை அவர்களுடைய பாயில் படுத்து, அவர்களுடைய கோப்பையில் குடித்து, அவர்களுக்கு ஒருநாள் புட்டும் அவித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு கோணேசனுக்கு வயிற்றுளைவு தொடங்கியது. கப்சூல் போட்டான். நிற்கவில்லை. இன்னும் போட்டான். பக்டரியில் மீன் வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தபோது, போர்மன் அம்புலன்சைக் கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவனைத் தனி அறையில் போட்டார்கள். அதற்கு இரண்டு கதவுகள், நடுவில் ஒரு சிறிய இடைவெளி. உள்ளே வருகிறவர்கள் அந்த இடைவெளியில் மஞ்சள் அங்கி போட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு வருவார்கள். போகும்போது அங்கியைக் கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அந்தக் கழுவும் சத்தம் கோணேசனுக்கு உள்ளே கேட்கும். தன்னைத்தான் கழுவிவிட்டுப் போகிறார்கள் என்று முதலில் தோன்றியது. ஏன் கழுவுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். மாணவர்களுக்கு அதைப் படிப்பித்தவனே அவன். ஆனாலும் தோன்றியது.

யன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். அதற்கப்பால் ஒரு கொடிக்கம்பம். கடல் பக்கத்துக் காற்றில் கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் வராத நேரங்களில் கோணேசன் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். தமிழில் ஒரு சொல்லும் பேசாமல் ஒரு நாள் போய், இன்னொன்றும் போனது. தன் வாய்க்குள் நாக்கு கனப்பதுபோல இருந்தது.

டொக்டர் கிர்ஸ்டன் ஹோல்ம் பரிசோதனைக்கூடத்திலிருந்து நேரே வருகிறவர். உயரமான, சற்றுக் கூன் விழுந்த பெண். அவனோடு ஆங்கிலத்தில் பேசினார்.

"உங்களுக்கு வந்திருப்பது சிகெல்லா என்ற வயிற்றுளைவுக் கிருமி. அது எங்களுக்குப் பெரிய விசயமில்லை. ஆனால் இந்தக் கிருமியை நான்கு மருந்துகள் தொடவில்லை. அதில் அம்பிசிலினும் ஒன்று. இங்கே இப்படிப் பார்ப்பது அரிது. வருவதற்கு முதல் ஏதும் மருந்து எடுத்தீர்களா?"

"இல்லை" என்றான் கோணேசன்.

"வீட்டில் மற்றவர்கள்?"

"இல்லை."

அவர் எழுதிக்கொண்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. போகத் திரும்பியவரிடம் கோணேசன் கேட்டான். "நான்கு மருந்துக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் பழகியது?"

அவர் நின்றார். இந்தக் கேள்வியை நோயாளிகள் கேட்பதில்லைப் போலும். அங்கியோடு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை இப்படி விளங்கிக்கொள்ளலாம். பக்டீரியா ஒன்றின் பரம்பரைச் செய்தி ஒரு நீண்ட நூலில் இருக்கிறது. அது இரண்டாகப் பிரியும்போது நூலின் பிரதியும் இரண்டாகி, தாயிலிருந்து பிள்ளைக்குப் போகிறது. இது எல்லோரும் அறிந்த வழி. சில பக்டீரியாக்களுக்குள் அந்த நூலுக்கு வெளியே ஒரு சிறிய வளையமும் மிதந்துகொண்டிருக்கும். பிளாஸ்மிட் என்று பெயர். உயிர் வாழ அது கட்டாயமில்லை. ஆனால் அதில் பயனுள்ள குறிப்புகள் எழுதியிருக்கலாம். அம்பிசிலினை வெட்டி உதவாமல் செய்கிற ஒரு நொதியத்தைச் செய்வது எப்படி என்ற குறிப்பு அதில் ஒன்று. ஒரே வளையத்தில் நான்கு மருந்துக்கான நான்கு குறிப்புகள் அடுத்தடுத்து இருக்கக்கூடும். அப்படியானால் ஒரு மருந்தை விழுங்கினாலும் நான்கையும் எதிர்க்கிறவைதான் தப்பிப் பிழைக்கும்.

வளையம் உள்ள பக்டீரியா மெல்லிய மயிர் போன்ற ஒன்றை நீட்டி, பக்கத்தில் இருப்பதைத் தொட்டுத் தன்னோடு இழுக்கும். வளையத்தின் இரண்டு இழைகளில் ஒன்று அவிழ்ந்து அடுத்ததற்குள் போகும். இங்கே மிஞ்சிய இழை தன் சோடியை மறுபடி கட்டிக்கொள்ளும். அங்கே போன இழையும் தன் சோடியைக் கட்டிக்கொள்ளும். கொடுத்தது ஒன்றையும் இழக்கவில்லை. இப்போது இரண்டிடமும் வளையம் இருக்கிறது. இதெல்லாம் சில நிமிட வேலை. பக்கத்தில் இருப்பது வேறு இனமாக இருந்தாலும் பெரும்பாலும் பரவாயில்லை. எங்கள் எல்லோருடைய குடலிலும் சும்மா வாழ்கிற சாதுவான பக்டீரியா, வந்துபோகிற ஒரு நோய்க்கிருமிக்கு அதைக் கொடுக்கலாம். நோய்க்கிருமியும் அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

"தவராஜாவின் றேடியோ" என்று கோணேசன் தமிழில் சொன்னான். டொக்டர் ஹோல்ம் புரியாமல் பார்த்தார். அவன் இரண்டு கசெற் விசயத்தை ஆங்கிலத்தில் விளக்கினான். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

"அதேதான். ஆனால் மருந்து இந்த வளையத்தைச் செய்வதில்லை. அது செய்வது வேறு. வளையம் இல்லாதவற்றைக் கொன்று இடத்தைக் காலி பண்ணுகிறது. பிறகு வளையம் உள்ளவைதான் அந்த இடம் முழுவதும்."

ஓரிரு நாளில் அவர் மூன்று கண்ணாடித் தட்டுகளைக் கொண்டுவந்து, ஒட்டுநாடாவால் மூடியபடியே கதவுக் கண்ணாடிக்கு அப்பால் நின்று காட்டினார். மூன்றிலும் அம்பிசிலின் கலந்த, கிருமி வளர்க்கும் கூழ். முதல் தட்டில் பரிசோதனைக்கூடத்தில் வளர்க்கும் இ.கோலை என்ற சாதுவான பக்டீரியாவை மட்டும் பூசியிருந்தது. மருந்து கொன்றுவிட்டதால் தட்டு வெறுமை. இரண்டாவதில் கோணேசனின் சிகெல்லா மட்டும். நிறமில்லாத புள்ளிகள் நிறைய வளர்ந்திருந்தன. மூன்றாவதில், ஓர் இரவு இரண்டையும் ஒன்றாக விட்டுவிட்டுப் பூசியது. அதிலும் நிறமில்லாத புள்ளிகள். அவற்றுக்கிடையே இளஞ்சிவப்பாகச் சில. அந்தக் கூழில் இளஞ்சிவப்பாக வளர்வது இ.கோலைதான். நேற்றுவரை அம்பிசிலினில் செத்துக்கொண்டிருந்தது, ஓர் இரவுச் சினேகத்தில் வாழக் கற்றுக்கொண்டு அங்கே இருந்தது.

கோணேசன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தான். அழகாக இருந்தது. அதைச் சொல்ல யாராவது வேண்டும் போலிருந்தது.

பேதுரு தன்னுடைய சிறிய கசெற் றேடியோவைக் கொடுத்தனுப்பியிருந்தார். அன்று பின்னேரம் கோணேசன் அதில் வெறும் கசெற் ஒன்றைப் போட்டு கோகிலாவுக்குப் பேசினான். நூலைச் சொன்னான், வளையத்தைச் சொன்னான், இளஞ்சிவப்புப் புள்ளிகளைச் சொன்னான். அவள் டிஸ்பென்சரியில் வேலை செய்கிறவள், இதை ரசிப்பாள். பேசிக்கொண்டே போனவன், இடத்தைக் காலி பண்ணுகிற மருந்து எது என்ற இடத்துக்கு வந்தபோது நின்றுவிட்டான். சிவப்பும் கறுப்புமான மருந்து. தொண்டையைப் பாருங்கோ என்று அவள் அனுப்பியது. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. கொடிக்கம்பத்துக் கயிறு அடிக்கும் ஒலி மட்டும் பதிவானது. பிறகு நாடாவைப் பின்னோக்கி ஓட்டி எல்லாவற்றையும் அழித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேதுரு மஞ்சள் அங்கியில் உள்ளே வந்தார்.

"என்ன மாஸ்டர், எனக்குப் பட்டம் தந்தமாதிரிக் கிடக்கு. உங்கட ஊர் யூனிவசிற்றியில இப்படித்தான் போடுவாங்களோ?"

கோணேசனுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் கண் கலங்கியது. "சோறு சமைச்சியளா அண்ணன்?"

"சமைச்சன். இந்த அங்கியைப் போட்டிட்டு உள்ள வந்தால் எனக்கே என்னில பயமாக் கிடக்கு." அவர் கதிரையைக் கிட்ட இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்த டொக்டர் என்ன கேட்டவ? மருந்தைப் பற்றிக் கேட்டவவோ?"

"கேட்டவ. இல்லையெண்டனான்."

"நல்லது. பேணியைப் பற்றி வாயே திறக்காதையுங்கோ. தவம் பயந்து போனான். இவங்கள் எழுதிறதெல்லாம் ஒரு பைலிலதானே போகுது. களவா மருந்து கொண்டு வாறாங்கள், கிருமி காவுறாங்கள் எண்டு எழுதினாங்கள் எண்டால், மனுசிமாரை விடுவாங்களோ? இன்னும் கிருமி வருமெண்டுவாங்கள்."

மனைவிமாரைக் கூப்பிட மூவரும் போட்ட விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் எந்தக் காரணமும் பொருந்தும். கோணேசன் தலையாட்டினான்.

"விமலராணியின்ர சின்னனுக்கும் சுகமில்லை" என்றார் பேதுரு எழும்பிக்கொண்டே. "முந்தநாள் தொடக்கம் வயித்தால போகுது. இரத்தமும் கொஞ்சம்."

கீழ்மாடியில் இருந்த விமலராணியின் வீடுதான் அந்தக் கட்டடத்தில் பெண் இருந்த ஒரே தமிழ் வீடு. அவளுடைய கணவனுக்கு மீன்பிடிக் கப்பலில் வேலை, கடலுக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். இரண்டு வயதுச் சயந்தினி மூவருடைய மடியிலும் மாறி மாறி இருந்து அவர்களுடைய தட்டில் கைவைத்துச் சாப்பிடுவாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவையோ?"

"இல்லை. தவம் கப்சூல் குடுத்தவன். ராணி அதை உடைச்சுத் தூளைப் பாலில கரைச்சுக் குடுக்கிறா. ரெண்டு நாளில நிண்டிடும்."

"எந்தக் கப்சூல்?"

"எந்தக் கப்சூலோ? பேணியில இருந்ததுதான். உங்கட மனுசி அனுப்பினது."

கோணேசன் எழுந்து உட்கார்ந்தான். "அது வேலை செய்யாது அண்ணன். தண்ணி குடுத்தமாதிரித்தான். என்னில செய்யேல்லை. இந்தக் கிருமியில செய்யாது, நான் கண்ணால பாத்தனான். பிள்ளைக்கு உடம்பில தண்ணி வத்தினால்..."

"சத்தம் போடாதையுங்கோ."

"இப்பவே கொண்டு வரச் சொல்லுங்கோ."

"அவவின்ர மூத்த பிள்ளை இன்னும் கொழும்பில அம்மம்மாவோட நிக்குது. அதுக்கும் விண்ணப்பம் போட்டுக் கிடக்கு. அவ வருவாவோ? நாளைக்குப் பாப்பம். விடிய நிக்காட்டில் நானே தூக்கிக்கொண்டு வாறன்." பேதுரு அங்கியைக் கழற்றிச் சாக்கில் போட்டார். அவரும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

நாளைக்கு. கோணேசன் கட்டிலில் இருந்தபடி அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கு மயக்கம் வருவதற்கு முதல் நாள் எப்படி இருந்தது என்பது அவனுக்கு நினைவிருந்தது. அவன் வளர்ந்த மனிதன். அவள் ஒரு சின்னப் பிள்ளை. அவளுக்குள் இருக்கும் தண்ணீர் ஒரு சின்னப் பாத்திரத்தின் தண்ணீர். கோகிலாவின் முகத்தை நினைத்தான். அவளுடைய கையெழுத்தோடு எங்கோ ஒரு மேசையில் கிடக்கும் பைலை நினைத்தான். அதில் யாரோ ஒருவர் ஒரு வரி எழுதுவதைக் கண்டான்.

பிறகு மணியை அழுத்தினான்.

டொக்டர் ஹோல்ம் வர நேரமெடுக்கவில்லை. கோணேசன் எல்லாவற்றையும் சொன்னான். பேணி, அதன் வழக்கம், சூசைதாசன், யார் யார் எதை எப்போது விழுங்கினார்கள், பிள்ளை இருக்கும் வீட்டு எண். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் கோணேசன் கேட்டான். "இது வெளிநாட்டவரைக் கவனிக்கும் பொலீசுக்குப் போகுமா?"

"இது ஆஸ்பத்திரிக் குறிப்பு. அங்கே போகாது." எழுந்தவர் கதவருகே நின்றார். "உங்களுக்கு இது கஷ்டமாக இருந்திருக்கும்."

அன்றே பக்கத்து அறைக்குச் சயந்தினி வந்தாள். சுவருக்கு அப்பால் அவள் அழுவது கேட்டது. அழக் கண்ணீர் இல்லாத வறண்ட அழுகை. வேறு மருந்து ஏற்றினார்கள். ஓரிரு நாளில் அழுகையில் ஈரம் வந்தது. பிறகு கோபம் வந்தது. ஒருநாள் காலையில், தண்ணி என்று அவள் தமிழில் அதிகாரமாகக் கேட்பது காதில் விழுந்தபோது கோணேசன் போர்வைக்குள் சிரித்தான். கண்ணாடிக்கு வெளியே விமலராணி ஒருமுறை நின்று அவனைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அவன் வீடு திரும்பியபோது பேணி இருந்த இடத்தில் ஒரு வட்டமான தூசியில்லாத அடையாளம் இருந்தது. நகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்து அதைக் கொண்டுபோயிருந்தார்கள். எல்லோருடைய மலமும் பரிசோதிக்கப்பட்டது. உணவுப் பொருளில் கைவைக்கிற வேலை என்பதால், சுத்தம் என்று முடிவு வரும்வரை மூவரும் பக்டரிக்குப் போக முடியவில்லை. சமையலறையில் எல்லோரும் இருந்தார்கள். யாரும் கதைக்கவில்லை.

வசந்தம் வந்தது. கோடை வந்தது. யாருடைய மனைவியும் வரவில்லை.

தவராஜாதான் முதலில் சொன்னான். "வரமாட்டினம். எப்பிடி வருவினம்? எல்லாம் எழுதிக் குடுத்தாச்சுத்தானே."

"அது ஆஸ்பத்திரியில இருக்கிற குறிப்பு, தவம். நீதி அமைச்சுக்குப் போகாது. ஏனெண்டால்..." என்று கோணேசன் தொடங்கினான். ஆஸ்பத்திரிக்கும் அமைச்சுக்கும் இடையில் என்ன தொடர்பு உண்டு, என்ன இல்லை என்று அவன் பொறுமையாக விளக்கினான். தவராஜா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டான்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றான் முடிவில்.

பேதுரு கோபிக்கவில்லை. ஆனால் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். மாஸ்டர் என்று கூப்பிடுவதும் எப்போதோ நின்றுபோயிருந்தது. எப்போது என்று கோணேசனால் சொல்ல முடியவில்லை. இன்னாரால் எல்லோருடைய விண்ணப்பமும் நின்றது என்ற கதை பக்டரியின் மற்றப் பிரிவிலிருந்த தமிழர்களிடம் போனது. கடையில் அவனைக் கண்டவர்கள் மாப்பெட்டிகள் இருந்த பக்கமாகத் திரும்பிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விமலராணி வீட்டிலிருந்து பொரித்த மீன் வாசம் மேலே வரும். மற்ற இருவரும் சட்டையை மாற்றிக்கொண்டு கீழே இறங்குவார்கள். அவன் துறைமுகப் பக்கமாக நடப்பான். இங்கிலாந்துக்குப் போகும் கப்பல் புறப்படும் இடத்தில் நின்று, கயிறுகளை எப்படி அவிழ்க்கிறார்கள் என்று பார்ப்பான். எந்தக் கயிற்றை முதலில் விட்டால் கப்பலின் எந்தப் பக்கம் விலகும் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. சொல்லத்தான் ஆளில்லை.

மெல்ல மெல்ல அவனுக்கும் சந்தேகம் வந்தது. டொக்டர் ஹோல்ம் தெரியாமல் சொல்லியிருக்கலாம். நகரசபை வேறு யாருக்காவது எழுதியிருக்கலாம். ஒரு விசயம் எப்படி நடக்கிறது என்று பார்க்க முடியாதபோது, அது எப்படி வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். கோகிலாவின் கசெற்றுகள் குறைந்தன. அவள் திருகோணமலையை விட்டுக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வந்து காத்திருந்தாள். "எப்ப கூப்பிடுவினம்" என்று கேட்பாள். வேறொன்றும் கேட்பதில்லை.

ஒருநாள் அவனுக்கு அந்த மூன்று தட்டுகள் நினைவுக்கு வந்தன. டொக்டர் ஹோல்ம் கலந்ததை மட்டும் பூசிக் காட்டியிருந்தால் அதில் ஒன்றும் விளங்கியிருக்காது. தனியாகப் பூசிய இரண்டும் பக்கத்தில் இருந்ததால்தான் விளங்கியது. அப்படியானால் இதற்கும் ஒரு தனித் தட்டு வேண்டும். தன்னுடைய பேச்சால் விண்ணப்பம் நின்றதென்றால், தன்னை அறியாத ஊர்களில் மனைவிமார் வந்திருக்க வேண்டும்.

அவன் ரயிலேறி வைலேக்குப் போனான். இன்னொரு கிழமை பஸ்ஸில் பிராண்டேக்குப் போனான். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களின் வீடுகளில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு விசாரித்தான். அங்கேயும் ஆண்கள்தான். அங்கேயும், பரிசீலனையில் உள்ளது. வைலேயில் ஒருவர் வாழ்க்கையில் கப்சூலே விழுங்காதவர், எல்லாவற்றுக்கும் கொத்தமல்லி அவித்துக் குடிப்பவர். அவருடைய மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் போட்ட விண்ணப்பம் கோணேசனுடையதைவிடப் பழையது. அதுவும் நின்ற இடத்தில் நின்றது.

திரும்பி வரும்போது ரயிலில் அவனுக்கு மனம் லேசாக இருந்தது. லேசாக இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வீடுகளில் இத்தனை பேர் காத்திருப்பதைக் கண்டு ஆறுதல் படுவது என்ன மாதிரியான ஆறுதல்.

அன்று பின்னேரமே தவராஜாவிடம் சொன்னான். தவராஜா கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப உங்கட கதை வைலேக்கும் போயிட்டுது" என்றான்.

பேதுரு அடுப்பைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தோள் ஒருமுறை குலுங்கியதுபோல இருந்தது. அது சிரிப்பா என்று கோணேசனுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் காரணம் வெளியே வந்தது. நீதி அமைச்சில் தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை எடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று டெனிஷ் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. சட்டப்படி அப்படி வைத்திருக்க முடியாதாம். அந்தச் செய்தியில் எஸ்பியர்க்கும் இல்லை, பேணியும் இல்லை, சிகெல்லாவும் இல்லை. பேதுரு பக்டரியில் ஒரு டெனிஷ்காரனைக் கொண்டு பத்திரிகையை வாசிப்பித்துக் கேட்டுவிட்டு வந்தார். சமையலறையில் நின்று நெடுநேரம் வெங்காயம் வெட்டினார்.

"மாஸ்டர்" என்றார் பிறகு. "உப்புக் காணுமோ எண்டு ஒருக்கால் பாருங்கோ."

கோணேசன் அகப்பையை வாங்கி ருசி பார்த்தான். உப்புக் கூடியிருந்தது. "காணும்" என்றான். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒரு வருடமாகப் பழகிப்போன மௌனத்தை அகற்ற ஒரு கறி போதாது. கோணேசனும் கொஞ்ச நாளில் பக்டரிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சிறிய வீடு எடுத்துப் போனான். கோகிலா வந்தால் இருக்க.

அனுமதி வந்த கிழமை, அவன் ரயில் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் நாணயங்களோடு போய் நின்று வெள்ளவத்தை லொட்ஜுக்கு எடுத்தான். யாரோ ஒருவர் மாடிக்குப் போய்க் கூப்பிட்டு, அவள் படியிறங்கி வரும்வரை நாணயங்கள் விழுந்துகொண்டிருந்தன.

"ஹலோ" என்றாள். கடலுக்கு அடியிலிருந்து வருவதுபோலக் குரல்.

அவன் சொன்னான். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "என்ன கொண்டு வர?" என்று கேட்டாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "மிளகாய்த்தூள் கொண்டு வாறன். மருந்தும் ரெண்டு மூண்டு மட்டை..."

"மருந்து கொண்டு வராதையும்."

"ஏன்? உங்கட தொண்டைக்கு?"

"வந்த பிறகு சொல்லுறன். பெரிய கதை."

"இப்பவே சொல்லுங்கோ. எத்தினை மாசமா நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. சுகம், சுகம் எண்டு மட்டும் கசெற் வருது."

வெளியே ஒரு ரயில் வந்து நின்று ஆட்களை இறக்கியது. கோணேசன் கையிலிருந்த நாணயங்களைத் தட்டின்மேல் அடுக்கினான். ஒன்றைப் போட்டுவிட்டுத் தொடங்கினான். ஒரு பக்டீரியாவுக்குள்ள நீளமான நூல் ஒண்டு கிடக்கு. அதுக்கு வெளியால சின்ன வளையம் ஒண்டு. பேணியைச் சொன்னான். சூசைதாசனைச் சொன்னான். வளையத்தின் ஓர் இழை அவிழ்ந்து பக்கத்து உயிருக்குள் போவதைச் சொன்னான். இந்தமுறை நடுவில் நிற்கவில்லை. மருந்து எது என்றும் சொன்னான்.

அவள் மூச்சுவிடும் ஒலி கேட்டது.

"நான் அனுப்பினது" என்றாள்.

"ஓம். ஆனால் அது வளையத்தைச் செய்யிறதில்லை. இடத்தைத்தான் காலி பண்ணுது. நாங்கள் அரைகுறையா எடுத்ததும்..."

"பிள்ளை?"

"நல்லா இருக்கு. இப்ப டெனிஷ் கதைக்குது. என்னைக் கண்டால் கை காட்டும். தாய்தான் கதைக்கிறதில்லை."

"அதுக்குப் பிறகு?"

அந்தக் கேள்வியை ஒரு வருடமாக யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவன் இன்னொரு நாணயத்தைப் போட்டான். இளஞ்சிவப்புப் புள்ளிகளைச் சொன்னான், மூன்று தட்டுகளைச் சொன்னான், வைலேக்குப் போனதைச் சொன்னான். அவள் இடையில் ஒருமுறை சிரித்தாள், தவராஜா சொன்ன பதிலுக்கு. நாணயங்கள் குறைந்துகொண்டே வந்தன.

"அந்த வளையம் இன்னும் உங்கட வயித்துக்குள்ள இருக்கோ?" என்று கேட்டாள்.

அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சிகெல்லா போயிட்டுது. வளையம் மற்றதுகளிட்ட கிடக்கலாம். மருந்து எடுக்காமல் விட்டால் மெல்ல மெல்லக் குறையும் எண்டு டொக்டர் சொன்னவ. முழுக்கப் போகுமோ எண்டு ஆருக்கும் தெரியாது."

"அப்ப நான் வந்தால் எனக்கும் வரும்."

"வரலாம்."

கடைசி நாணயம் விழுந்தது. அவன் கையில் வேறில்லை.

"ஒரு வீட்டில இருந்தால் வரும்தானே" என்றாள் கோகிலா. "கை கழுவிக்கொண்டு இருப்பம். மருந்தை இஞ்சயே விட்டிட்டு வாறன்."

இணைப்பு அறுந்தது. அவன் சற்று நேரம் றிசீவரைக் காதிலேயே வைத்திருந்தான். கூண்டுக்கு வெளியே ஒரு வயதான டெனிஷ்காரர் தன்னுடைய முறைக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றார்.